அயர்ன் பெட்டிக்கும் பத்தாத வெயில்

ஈப்போவிலிருந்து மெங்லெம்பு தாண்டினால் லகாட். ஈய லம்பமும் ரப்பர்த் தோட்டமும் சோறு போட்ட வட்டாரம். இன்று லம்பக் குட்டைகளும் தாமான்களுமாகக் கிடக்கிறது. சூரியசக்திக் கார் கட்டும் கல்லூரி மாணவர்கள் சிலர் இங்கே ஒரு பொது மண்டபத்தில் ஊராருக்குத் தங்கள் வேலையை விளக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். காரைவிட அவர்கள் பேசும் விதத்தைப் பார்க்கத்தான் ஆசை. பணம் தருகிறவர்கள் பையைத் திறப்பதும், பெற்றோர் பிள்ளையை இரவெல்லாம் பட்டறையில் விட்டுவைப்பதும் அந்தப் பேச்சை நம்பித்தானே.

முதலில் பேசிய பையன் ஆஸ்திரேலியாவிலிருந்து ஆரம்பித்தான். டார்வினிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3,000 கிலோமீட்டர் சூரியசக்திக் கார்ப் பந்தயம். 1987இல் நடந்த முதல் பந்தயத்தை ஜெனரல் மோட்டார்ஸின் ‘சன்ரேசர்’ மணிக்குச் சராசரி 67 கிலோமீட்டர் வேகத்தில் வென்றது. 2023இல் சென்னை ஐஐடி மாணவர்களின் ‘அக்னிரத்’ குழு ‘ஆக்னேயா’ என்ற காருடன் போனது. எல்லாம் சரியான தகவல்தான். முன்வரிசைப் பெரியவர்கள் மரியாதையாகக் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

மின்சாரப் பகுதியைக் கவனிக்கும் பெண் மைக்கை வாங்கியதும் காற்று மாறியது. “2023 பந்தய விதிப்படி சோலார் தகடு 4 சதுர மீட்டர்தான். உச்சி வெயில்ல ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் விழும். அதுல கால்வாசிகூட முழுசா கரண்டா மாறாது. நல்ல வெயில்லயே மொத்தம் 900 வாட் சொச்சம். உங்க வீட்டு அயர்ன் பெட்டிக்கே பத்தாது ஆண்ட்டி. அதை வச்சுத்தான் நாங்க ஆளை ஏத்தி ஓட்டுறோம்.” சிரிப்பு எழுந்தது. கார் ஏன் இவ்வளவு தாழ்வாக, மெலிந்து, ஒற்றை ஆசனத்தோடு இருக்கிறது என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு வாசலில், வெயிலில் ஒரு சிறிய தகட்டை வைத்து அம்மீட்டரை இணைத்தாள். ஒரு சிறுமியைக் கூப்பிட்டு ஒரே ஒரு செல்லை உள்ளங்கையால் மூடச் சொன்னாள். முள் தடாலென்று விழுந்தது. செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒன்று நிழலில் சிக்கினால் அந்த வரிசையின் ஓட்டமே மட்டுப்படும். அதைத் தாண்டிப் போக டையோடு வைக்கிறார்கள் என்று சொல்லி, அதைச் சேர்த்தும் காட்டினாள். சிறுமி கையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். பின்னால் வரிசை நீண்டது. இதற்கு எந்தத் திரைப்படமும் ஈடில்லை.

கேள்விகள் எல்லா ஊரிலும் வருபவைதான். ராத்திரி ஓடுமா? பேட்டரி உள்ளவரை ஓடும். ஏர்கோன் இருக்கா? இல்லை, உள்ளே வேகும். எத்தனை வெள்ளி? இதற்கு மட்டும் மழுப்பினார்கள்.

அப்புறம்தான் லகாட்டில் மட்டுமே வரக்கூடிய கேள்வி வந்தது. சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாரைக் காட்டி, அதன் காந்தம் நியோடிமியம், அரியமண் உலோகம் என்று பையன் பெருமையாகச் சொல்லிவிட்டான். லம்பத்தில் வேலை செய்த ஒரு தாத்தா எழுந்தார். “புக்கிட் மேராவுலயும் அந்த மண்ணுதானே தம்பி?”

புக்கிட் மேரா இங்கிருந்து கூப்பிடு தூரம். ஈயம் எடுத்தபின் மிஞ்சும் ‘அமாங்’கில் உள்ள மோனசைட்டிலிருந்து அரியமண் பிரித்த ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982இல் அங்கே இயங்கத் தொடங்கியது. மிஞ்சிய கழிவில் கதிரியக்கத் தோரியம். பிள்ளைகளுக்கு வந்த நோய்களுக்கு அதுவே காரணம் என்றார்கள் கிராமத்தார், நிறுவனம் மறுத்தது. 1985இல் வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது; 1993இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது.

பையன் தடுமாறினான். அவர்கள் பின்னால் தொங்கிய பேனரில் ‘கழிவே இல்லாத பயணம்’ என்றிருந்தது. இந்த ஊருக்கு அதைக் கொண்டுவந்திருக்கவே கூடாது. அந்தப் பெண்தான் பதில் சொன்னாள்: “அதே இனத்து உலோகந்தான் தாத்தா. இந்தக் காந்தத்துக்கு மண்ணு எங்கே தோண்டினாங்க, கழிவை எங்கே கொட்டினாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. கார் ஓடும்போது புகை வராது. அதுக்கு மேல நாங்க சொல்லக் கூடாது.” தாத்தா உட்காரவில்லை, நேரே போய்ச் சக்கரத்தருகே குனிந்து, மோட்டார் எத்தனை கிலோ, சூடேறினால் காந்தம் தளர்ந்துபோகாதா என்று நோண்ட ஆரம்பித்துவிட்டார். தளரும் என்று ஒப்புக்கொண்டு, காற்று போகும் வழியைக் காட்டினாள்.

மூட்டை கட்டும்போது குழுவுக்குள் வாக்குவாதம். அடுத்த நிகழ்ச்சி பத்து காஜாவில். காந்தப் பேச்சை எடுத்துவிடலாம் என்றான் பையன். பத்து காஜாவிலும் லம்பத்து ஆட்கள் இருப்பார்கள், அவர்கள் கேட்குமுன் நாமே சொல்லிவிடுவோம் என்றாள் அவள். பேனரை யார் மாற்றுவது, அதற்கு யார் காசு கொடுப்பது என்பதில் பேச்சு நின்றிருந்தபோது லோரி வந்துவிட்டது.