வீட்டுக்குள்ளே ஒரு ரயில் வேணும்! அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் பொம்மை ரயில் தேடும் படலம்

திருமுல்லைவாயிலிலும் அண்ணனூரிலும் வளரும் பிள்ளைகளுக்கு ரயில் பார்க்க எங்கும் போகவேண்டியதில்லை. மொட்டை மாடிக்குப் போனால் போதும். சென்னை சென்ட்ரலில் இருந்து பெங்களூருக்கும் மும்பைக்கும் கேரளாவுக்கும் போகிற வண்டிகள் எல்லாம் இந்தத் தடத்தில்தான் போகின்றன. நடுநடுவே புறநகர் ரயில்கள், அவற்றுக்கு நடுவே சரக்கு ரயில்கள். சோறு ஊட்டும்போது ஹாரன் சத்தம் கேட்டால், பாதி வாயோடு ஜன்னலுக்கு ஓடி, "இது லோக்கல் இல்ல, எக்ஸ்பிரஸ்" என்று சொல்லும் நான்கு வயதுக் குழந்தைகள் இந்தப் பக்கம் அதிகம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடுக்குப் போனது இந்த வழியாகத்தான். புறநகர் மின்சார ரயில்களைப் பராமரிக்கும் பணிமனை அண்ணனூரில் இருக்கிறது. 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலை, வில்லிவாக்கத்துக்கும் பெரம்பூருக்கும் இடையே. வந்தே பாரத் ரயில் 2018-ல் முதன்முதலாக உருவானதும் அங்கேதான். ரயில் செய்யும் ஊர், ரயில் கழுவும் ஊர், ரயில் ஓடும் ஊர். பிள்ளைகளுக்கு ரயில் பைத்தியம் பிடிக்காவிட்டால்தான் ஆச்சர்யம்.

சிக்கல் பிறந்த நாள் வரும்போது ஆரம்பிக்கிறது. "எனக்கு ட்ரெயின் வேணும்" என்று குழந்தை கேட்க, அப்பாவும் அம்மாவும் கையில் 500 ரூபாயோடு கடைக்குக் கிளம்புகிறார்கள்.

கடையில் இருப்பது எந்த ஊர் ரயில்?

அம்பத்தூர் ஓ.டி., ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி டிரங்க் ரோடு என எங்கே போனாலும் ஃபேன்ஸி ஸ்டோர்களில் பொம்மை ரயில் கிடைக்கும். திருவேற்காடு, மாங்காடு கோயில் வாசல் கடைகளிலும் பிளாஸ்டிக் பையில் தொங்கும். ஆனால், உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே முகம்தான். முன்னால் புகைபோக்கி வைத்த கரி என்ஜின், பின்னால் இரண்டு மூன்று குட்டிப் பெட்டிகள், வட்டமாக மாட்டும் தண்டவாளம்.

பெரியவர்களுக்கு அதுவும் ரயில்தான். குழந்தைக்கு அப்படியில்லை. தினமும் மின்சார ரயிலைப் பார்த்து, எதில் மேலே கம்பியைத் தொடும் 'கை' இருக்கிறது, எதில் இல்லை என்று கணக்கு வைத்திருக்கும் பிள்ளை அது. கரி என்ஜினை அது நிஜத்தில் பார்த்ததே இல்லை. ஊட்டி மலை ரயிலில் போயிருந்தால் ஒருவேளை பார்த்திருக்கலாம். பெட்டியைப் பிரித்ததும், "இது நம்ம ஸ்டேஷன் ட்ரெயின் இல்லையே" என்று முகம் வாடுவது அதனால்தான். அதை அடம் என்று நினைத்துவிட வேண்டாம். பார்த்ததைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

இப்போது வந்தே பாரத் சாயலில் வெள்ளை, நீல நிற பொம்மைகள் வரத் தொடங்கியிருக்கின்றன. தண்டவாளம் இல்லாமல், பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் வகை. ரயிலையே உயிராக நினைக்கும் குழந்தைக்கு, தண்டவாளத்தோடு வரும் கரி என்ஜின் செட்டைவிட இந்த எளிய பொம்மை அதிக நாள் பிடித்திருக்க வாய்ப்புண்டு. விலையும் குறைவு.

மூன்றாம் நாள் நின்றுபோகும் ரயில்

குறைந்த விலை பேட்டரி ரயில் செட் வாங்கிய வீடுகளில் ஒரே கதைதான். முதல் நாள் கொண்டாட்டம். இரண்டாம் நாள் வளைவில் கவிழும். மூன்றாம் நாள் என்ஜின் உறுமும், நகராது. குழந்தை அழும். "காசு போச்சே" என்று அம்மா மனசுக்குள் அழுவார்.

ஏன் இப்படி? செட்டின் விலையில் கண்ணைக் கவர்வதற்குப் போன பணம் அதிகம். லைட், பாட்டு, பெரிய அட்டைப் பெட்டி, சிக்னல் கம்பம், பிளாஸ்டிக் மரம். மிச்சம் இருப்பதில்தான் மோட்டாரும் பல்சக்கரமும். பாரம் இழுக்கவேண்டிய இடத்தில்தான் சிக்கனம் பிடித்திருப்பார்கள். அதனால் கடையில் பெட்டி எவ்வளவு பெரியது என்று பார்ப்பதைவிட, கடைக்காரரிடம் கேட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. பெட்டிகளைக் கோத்து, முழு வட்டமும் ஓடவிட வேண்டும். என்ஜினை மட்டும் தனியாக ஓட்டிக் காட்டினால் போதாது.

தண்டவாளத் துண்டுகள் ஒன்றோடு ஒன்று பொருந்தும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். மேடு தட்டினால் அங்கேதான் ரயில் கவிழும். வட்டம் சின்னதாக இருந்தாலும் அதே பிரச்னை. நீளமான பெட்டி, குறுகிய வளைவில் திரும்பாது. பொம்மை ரயில்களில் பெட்டிகள் குட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஏற்கெனவே வாங்கி, நின்றுபோன ரயில் வீட்டில் இருந்தால் உடனே குப்பையில் போட வேண்டாம். கவிழ்த்து, சக்கரத்தின் அச்சைப் பாருங்கள். அம்மாவின் தலைமுடியும் பாய் நூலும் சுற்றிக்கொண்டிருக்கும். சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாலே பாதி ரயில்கள் பிழைத்துவிடும். பேட்டரி போடும் இடத்தில் இருக்கும் ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தால், செல் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். பெரியவர்கள் கையுறை போட்டுக்கொண்டு வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவைத்துப் புது செல் போடலாம். ரீசார்ஜ் செல் போட்டால் வேகம் கொஞ்சம் குறையும். சாதாரண பென்சில் செல் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட். மெதுவாகப் போவதால் கவிழாமல் போகும் என்பது அதில் கிடைக்கும் லாபம்.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் எல்லா பொம்மைகளுக்கும் இது பொருந்தும். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. இறக்குமதி வரியும் 20 சதவிகிதத்தில் இருந்து 2020-ல் 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. முன்பு கண்ட விலையில் வெளிநாட்டு செட்கள் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். தெருவோரத்தில் முத்திரை இல்லாமல் மலிவாகக் கிடைத்தால், குறைந்தபட்சம் பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் பட்டன் செல் போடும் பொம்மை என்றால், மூடி கையால் திறக்கக் கூடாது. விழுங்கிய பட்டன் செல் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். விலையில் மிச்சம் பிடிக்கலாம், இதில் பிடிக்க முடியாது.

பாரிமுனைக்குப் போகலாமா?

"காசி செட்டித் தெருவுக்குப் போனால் பாதி விலை" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். பாரிமுனையில் இருக்கும் அந்தத் தெருவில் பொம்மை, பரிசுப் பொருள் மொத்த வியாபாரம் நடப்பது உண்மைதான். ஆனால் மொத்தக் கடையில் ஒன்று மட்டும் கேட்டால் எல்லோரும் தருவதில்லை. திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். அபார்ட்மென்டில் நாலு வீடு சேர்ந்து வாங்குவதாக இருந்தால் போகலாம். ஒரே ஒரு ரயிலுக்காக ஆவடியில் இருந்து கிளம்பி, ஆட்டோ, டீ, வடை என்று செலவு செய்தால், மிச்சம் பிடித்த பணம் வழியிலேயே கரைந்துவிடும்.

அதைவிட வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டுப் பார்க்கலாம். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளின் வீட்டுப் பரணில் ரயில் செட் தூங்கிக்கொண்டிருக்கும். நவராத்திரி முடிந்த வாரம் கேட்பது இன்னும் நல்லது. கொலு பார்க்கில் ஓடிய ரயில் மறுபடி பெட்டிக்குள் போகும் நேரம் அது.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு மர ரயில் நல்ல தேர்வு. கர்நாடகாவின் சன்னபட்னா பொம்மைகள் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்குப் பூசிச் செய்யப்படுபவை. பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஆவடி வழியாகப் போகும் மைசூரு ரயில்கள் சன்னபட்னா ஊரைக் கடந்துதான் மைசூரு சேர்கின்றன. ஜன்னலில் பார்த்த ரயில் போகிற ஊரில் செய்த ரயில் என்று சொல்லிப் பாருங்கள், குழந்தையின் கண் விரியும். தண்டவாளத்தோடு வரும் மர செட் வாங்கினால் இன்னொரு வசதி உண்டு. பல கம்பெனிகளின் மரத் தண்டவாளங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தும். சின்ன செட்டில் ஆரம்பித்து வருஷத்துக்கு நாலு துண்டு சேர்க்கலாம்.

ஐந்து ரூபாய் ரயில்

இந்தப் பகுதியில் கிடைக்கும் மிக மலிவான ரயில், நிஜ ரயில்தான். அம்பத்தூரில் ஏறினால் பட்டரவாக்கம், கொரட்டூர், அடுத்து வில்லிவாக்கம். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் இல்லை. வேடிக்கை என்னவென்றால், பிளாட்ஃபாரத்தில் நின்று ரயில் பார்க்க 10 ரூபாய் பிளாட்ஃபாரம் டிக்கெட் வாங்க வேண்டும். ஏறிப் போவதற்கு 5 ரூபாய்தான்!

வில்லிவாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால், நியூ ஆவடி சாலையில் ஐ.சி.எஃப்.பை ஒட்டி சென்னை ரயில் அருங்காட்சியகம். 2002-ல் திறந்தது. பழைய என்ஜின்களையும் பெட்டிகளையும் திறந்தவெளியில் நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றும் குட்டி ரயிலும் உண்டு. திங்கட்கிழமை விடுமுறை. வெயில் ஏறும் முன் போய்விடுவது உத்தமம். கடை அலமாரியில் பார்த்து முகம் சுளித்த கரி என்ஜினை இங்கே நிஜ உயரத்தில் பார்த்த பிறகு, பல பிள்ளைகளுக்கு அந்தப் பொம்மை மேல் திடீர்ப் பாசம் வரும். அதனால் பொம்மை வாங்கும் முன்பு ஒருமுறை இங்கே போய்வந்தால், குழந்தைக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். தப்பான ரயிலுக்குச் செலவழிக்கவேண்டி இருக்காது.

ரயில் பார்க்கக் கூட்டிப்போகும்போது ஒன்றில் மட்டும் கறார் வேண்டும். தண்டவாள ஓரம் நின்று காட்டுவதும், நேரம் மிச்சம் என்று குறுக்கே கடப்பதும் வேண்டாம். ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி அது குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் அபராதத்தைவிடப் பெரிய விஷயம், அப்பா கடந்த இடத்தில் நாளைக்குப் பிள்ளை தனியாகக் கடக்கும் என்பது. ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்றால் ரயில் காலுக்கடியில் போகும். பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்த காட்சி இல்லை.

ஹால் நீளத்துக்கு ஒரு லோக்கல்

கடையில் கிடைக்காத 'நம்ம ஸ்டேஷன் ட்ரெயினை' வீட்டிலேயே செய்யலாம். உலகம் முழுக்க மாதிரி ரயில் ஆர்வலர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவு, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டி ஒன்று சுமார் 21 மீட்டர் நீளம், 3.25 மீட்டர் அகலம். 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 24.5 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். பழைய அட்டைப் பெட்டியை இந்த அளவுக்கு வெட்டி மடித்தால் ஒரு பெட்டி தயார். பாட்டில் மூடி சக்கரம், ஊதுபத்திக் குச்சி அச்சு, நூல் கொக்கி. சென்னை புறநகர் ரயில்களில் 12 பெட்டி வண்டிகள் உண்டு. அத்தனையும் செய்தால் சுமார் 3 மீட்டர்! பல வீடுகளில் ஹாலின் ஒரு சுவர் முழுக்க நிற்கும். பெயர்ப்பலகையில் ஆவடி என்றோ திருவள்ளூர் என்றோ எழுதுவது குழந்தையின் வேலை. எழுத்துப் பழகும் வயது என்றால் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாக எழுதவைத்துவிடலாம். ஹோம்வொர்க் என்று தெரியாமலே எழுதும்.

பூந்தமல்லிப் பிள்ளைகளுக்கு இதுவரை இதில் ஒரு குறை இருந்தது. அவர்கள் ஊரில் ரயில் நிலையமே கிடையாது, ரயில் பார்க்க ஆவடி வரை வர வேண்டும். இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டத்தில், கலங்கரை விளக்கத்தில் இருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை வரும் தடத்துக்குப் பணிமனையே பூந்தமல்லியில்தான். ஓட்டுநர் இல்லாமல் ஓடக்கூடிய மூன்று பெட்டி ரயில் 2024 அக்டோபரில் அங்கே வந்து சேர்ந்தது. 2025 மார்ச் 20 அன்று பூந்தமல்லிக்கும் முல்லைத் தோட்டத்துக்கும் இடையே தூண்களுக்கு மேலே சோதனை ஓட்டம் நடந்தது. ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்த முதல் ரயில்.

அதை அட்டையில் செய்வது லோக்கலைவிடச் சுலபம். மூன்றே பெட்டிகள், முக்கால் மீட்டர் இருந்தால் போதும், கட்டிலுக்கு அடியில் நிறுத்திவிடலாம். ஒரே ஒரு பஞ்சாயத்து மட்டும் வரும். டிரைவர் இல்லாத ரயில் என்று சொன்னால், "அப்போ நான் எங்கே உட்கார்றது?" என்று குழந்தை கேட்கும்.