சில இசைத்தட்டுகளும் ஒரு நண்பரும்

மேற்கத்தியச் செவ்விசையில் எந்தத் தட்டை வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்களிடம், ஃபிரிட்ஸ் ரெய்னர் சிகாகோ சிம்ஃபனி இசைக்குழுவைக் கொண்டு 1960இல் பதிவுசெய்த ‘ஷெஹரஸாட்’டையே இதுவரை சொல்லிவந்தோம். ஆர்சிஏ நிறுவனத்தின் ‘லிவிங் ஸ்டீரியோ’ வரிசையில் வந்தது. அரங்கின் அகலமும் ஆழமும் அறைக்குள் வந்து அமர்ந்துவிடும்.

ஆனால் எல்பி தட்டுக்கே உரிய குறை ஒன்றுண்டு. சுழற்சி எப்போதும் நிமிடத்திற்கு 33⅓தான். விளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் வரியைக் கடக்கும் ஊசி, மையத்தை நெருங்குகையில் அதில் பாதியைக்கூடக் கடப்பதில்லை. நுண்ணிய உச்ச ஒலிகள் அங்கேதான் நெரிபடும். ரிம்ஸ்கி-கோர்சகோவோ வயலினின் மிக உயர்ந்த சுரத்தை அவ்விடத்தில் மெல்லிய இழையாக நிறுத்துகிறார்.

சென்ற மாதம் அந்த இழை ஒலித்துக்கொண்டிருக்கையில், எங்களுக்கெல்லாம் இசை கேட்கக் கற்றுத்தந்த மூத்த நண்பர், “முடிந்துவிட்டதா?” என்றார். நாங்கள் முதலில் ஊசியைத்தான் சந்தேகித்தோம். (பழக்கதோஷம்!) பிறகு ஒருவரும் பேசவில்லை.

அடுத்து யானோஸ் ஸ்டார்க்கரின் பாஹ் செல்லோத் தொகுதியை வைத்தோம். மெர்க்குரி நிறுவனத்திற்காக 1963இலும் 1965இலும் பதிவானது. ஒரே வாத்தியம், வில் கம்பியில் உரசும் கரகரப்பும், கீழ்த்தந்தியின் கனமும். நண்பரின் விரல்கள் நாற்காலியின் கையில் அசையத் தொடங்கின.

இப்போது யாரேனும் கேட்டால் ஸ்டார்க்கரையே முதலில் சொல்கிறோம். அசல் பதிப்பின் விலை மலைக்கவைக்கும். நல்ல மறுபதிப்பு போதும். மொத்தம் மூன்று தட்டுகள். அன்று இரண்டாவதை மறுபடியும் வைக்கச் சொன்னார் அவர்.