எந்த வார்டு சார்?

கொஞ்சம் நீளமான பதிவு. டீயைக் கையில வச்சுக்கிட்டு நிதானமா படிங்க.

போன தை மாசம் நடந்தது. எம். புதுப்பட்டிப் பக்கம் எங்க ஓபிக்கு மாசாமாசம் பிரஷர் மாத்திரை வாங்க ஒரு அம்மா வருவாங்க. பட்டாசு ஆலையில பேக்கிங் வேலை. அன்னைக்கு மாத்திரைச் சீட்டோட இன்னொருத்தரையும் கூட்டிக்கிட்டு வந்தாங்க.

"சார், இது என் தங்கச்சி. பொங்கலுக்கு வந்திருக்கா. இவ கையக் கொஞ்சம் பாருங்க."

வந்தவங்க ஒரு திருநங்கை. நாற்பது வயசு இருக்கும். வலது கை விரல்கள் நாலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கி, அப்படியே இறுகிப் போயிருந்துச்சு. தீக்காயம் சரியான சிகிச்சை இல்லாம தானா ஆறினா தோல் சுருங்கி இப்படித்தான் இழுத்துக்கும். பட்டாசு ஊர்ல டாக்டரா இருக்கிற எனக்கு இது பழகின காட்சி.

எப்பப் பட்டதுன்னு கேட்டேன். 2014, மாசி மாசம். வீட்டுல அக்காகூட உட்கார்ந்து சரவெடி பின்னிக்கிட்டு இருந்தப்போ பத்திக்கிச்சாம்.

எந்த ஆஸ்பத்திரியில பார்த்தீங்கன்னு கேட்டேன். சொன்னாங்க.

நான் பேனாவைக் கீழ வச்சுட்டேன். அந்த வருஷம் அதே ஆஸ்பத்திரியில நான் ஹவுஸ் சர்ஜன்.

ஞாபகம் வந்துடுச்சு மக்களே. முகம் இல்ல, அந்த ராத்திரி ஞாபகம் வந்துச்சு.

கை, நெஞ்சு, கழுத்துல தீக்காயம். கேஸ் ஷீட்டுல பாலினம்னு ஒரு கட்டம். ஆண், பெண்னு ரெண்டே பதில். ரேஷன் கார்டுல இருந்த பேரை வச்சு நான் 'ஆண்'னு எழுதினேன். ஆண்கள் வார்டுக்கு அனுப்பினாங்க. நெஞ்சுல கட்டுப் பிரிக்கணும்னா சுத்தி நாற்பது ஆம்பளைங்க வேடிக்கை பார்க்க, அவங்க சேலையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. பெண்கள் வார்டுல கேட்டா, "மத்த பேஷண்டுங்க சண்டைக்கு வருவாங்க டாக்டர்"னு திருப்பி அனுப்பிட்டாங்க. கடைசியில ரெண்டு வார்டுக்கும் நடுவுல வராந்தாவுல ஒரு கட்டில்.

தீக்காயத்துக்கு முதல் எதிரி கிருமித்தொற்று. வராந்தாவுல நாய் வரும், தூசி வரும், போறவர்ற எல்லாரும் நின்னு பார்த்துட்டுப் போவாங்க. நாலாம் நாள் காலையில ரவுண்ட்ஸ் போனா கட்டில் காலி. நோயாளி சொல்லாமல் வெளியேறிவிட்டார்னு நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போகச் சொன்னதே நாங்கதான்னு அப்போ எனக்கு உறைக்கல.

இதை அவங்ககிட்ட சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவங்க சிரிச்சாங்க. "நீங்க சின்னப் பையன் சார் அப்போ. பெரிய டாக்டரே ஒண்ணும் பேசல."

இப்பவும் ஆபரேஷன் பண்ணலாம், இறுகின தோலை விடுவிச்சு வேற இடத்துத் தோலை ஒட்டி வைப்பாங்க, விரல் ஓரளவு நீளும், ஆனா பெரிய ஆஸ்பத்திரியில படுக்கணும்னு சொன்னேன்.

அவங்க கேட்ட ஒரே கேள்வி: "எந்த வார்டு சார்?"

வலிக்குமா, செலவாகுமான்னுகூட அவங்க கேட்கல. எந்த வார்டுன்னுதான் கேட்டாங்க.

இந்தக் கேள்விக்கு டெல்லியில ஒருத்தர் பதில் எழுதிப் பார்த்தார். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. முன்கூட்டியே சொல்லிடுறேன், நான் அரசு ஊழியன், எந்தக் கட்சிக்காரனும் இல்ல. யாருக்கும் ஓட்டுக் கேட்டும் வரல. ஒரு மசோதாவுக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் பார்ப்போம்.

நாம ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற எம்.பி. மக்களவைக்குப் போவார். மாநிலங்களவை எம்.பி.யை நாம நேரடியாத் தேர்ந்தெடுக்கறதில்ல, நம்ம எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கறாங்க. தமிழ்நாட்டுக்கு 18 இடம். ஆறு வருஷப் பதவி. தொகுதி கிடையாது. அதனால "இந்த ஆளு அங்க போய் என்னதான் பண்றார்?"னு நம்மள்ல பல பேர் கேட்கிறதும் இல்ல.

அப்படி ரொம்ப நாளா அங்க இருக்கிற ஒருத்தர் திமுகவின் திருச்சி சிவா. அவசரநிலைக் காலத்துல மாணவரா இருந்தப்போ மிசாவுல சிறைக்குப் போனவர். 1996-ல் புதுக்கோட்டைத் தொகுதியில ஜெயிச்சு மக்களவைக்குப் போனார். அதுக்கப்புறம் மாநிலங்களவைதான் அவர் களம். 2014-லயும் 2020-லயும் மறுபடி தேர்வானார்.

2014 ஏப்ரல் 15. நான் அந்த கேஸ் ஷீட்டை எழுதி ரெண்டு மாசம்கூட ஆகியிருக்காது. உச்ச நீதிமன்றம் நால்சா வழக்குல தீர்ப்புச் சொன்னது. நான் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமான்னு சொல்ற உரிமை அவங்கவங்களுக்குத்தான். அதுக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கணும்னு கேட்கக்கூடாது.

தீர்ப்பு வந்துடுச்சு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு வார்டுல நிக்கிற நர்ஸுக்கோ ஹவுஸ் சர்ஜனுக்கோ தீர்ப்புத் தெரியாது. சட்டமும் விதியும் சுற்றறிக்கையுமா மாறி வந்தாத்தான் கேஸ் ஷீட்டுல கட்டம் மாறும்.

அந்த வருஷம் டிசம்பர்ல சிவா ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அமைச்சரா இல்லாத எம்.பி. கொண்டு வர்ற மசோதாவைத்தான் அப்படிச் சொல்வாங்க. வழக்கமா வெள்ளிக்கிழமை மதியம், பாதிப் பேர் ஊருக்குக் கிளம்புற நேரத்துல எடுப்பாங்க. கொண்டு வந்தவர் பேசுவார், நாலு பேர் பாராட்டுவாங்க, "அரசு கவனிக்கும், திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்"னு அமைச்சர் கேட்பார், இவரும் திரும்பப் பெறுவார். அவ்வளவுதான் அதோட ஆயுசு. சுதந்திரத்துக்கு அப்புறம் சட்டமான தனிநபர் மசோதா மொத்தம் 14. கடைசியா ஒண்ணு சட்டமானது 1970-ல்.

2015 ஏப்ரல் 24. அதுவும் வெள்ளிக்கிழமைதான். அமைச்சர் தாவர் சந்த் கெலாட் வழக்கம்போலக் கேட்டார், அரசே ஒரு மசோதா கொண்டு வரும், இதைத் திரும்பப் பெறுங்கள்னு. சிவா மாட்டேன்னுட்டார். ஓட்டுக்கு விடுங்கள்னு நின்னார்.

குரல் வாக்கெடுப்புல ஒருமனதா நிறைவேறிடுச்சு. மாநிலங்களவையில ஒரு தனிநபர் மசோதா நிறைவேறுறது 45 வருஷத்துல அதுதான் முதல் தடவை. அப்போ மக்களவையில திமுகவுக்கு ஒரு எம்.பி.கூடக் கிடையாது, 2014 தேர்தல்ல ஒரு இடமும் கிடைக்கல. எண்ணிக்கையை நம்பி அவர் நிக்கல. இந்த விஷயத்துல எதிர்த்து ஓட்டுப் போட யாருக்கும் மனசு வராதுங்கிற ஒண்ணை நம்பித்தான் நின்னிருக்கணும்.

மசோதாவுல என்ன இருந்துச்சு? கல்வியிலயும் அரசு வேலையிலயும் 2 விழுக்காடு இடஒதுக்கீடு. தேசிய அளவுலயும் மாநில அளவுலயும் ஆணையம். உரிமை மீறலை விசாரிக்கத் தனி நீதிமன்றம். மருத்துவ வசதி.

சரி, சட்டமாச்சா? ஆகல.

2016 பிப்ரவரியில மக்களவையில விவாதத்துக்கு வந்துச்சு. நிறைவேறல. அந்த வருஷம் ஆகஸ்ட்ல அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டு வந்துச்சு. அதுல திருநர்ங்கிறதுக்குக் கொடுத்த விளக்கமே, முழுசாப் பெண்ணாவும் முழுசா ஆணாவும் இல்லாதவங்கன்னு ஆரம்பிக்கும். அது மட்டும் இல்ல, ஒருத்தர் திருநரா இல்லையான்னு பார்க்க மாவட்டத்துக்கு ஒரு குழு. அந்தக் குழுவுல தலைமை மருத்துவ அதிகாரியும் மனநல நிபுணரும் இருப்பாங்க.

அதாவது, வராந்தாவுல கட்டில் போட்ட நாங்களே, அவங்க யாருன்னு முடிவு பண்ணி சர்டிபிகேட் கொடுக்கணும். டாக்டரா சொல்றேன், எங்களுக்கு அந்தத் தகுதி இல்ல. நாங்க படிச்ச தடயவியல் மருத்துவப் புத்தகத்துல இவங்களைப் பத்தி என்ன இருந்துச்சு தெரியுமா? குற்றம், வக்கிரம்ங்கிற தலைப்புக்குக் கீழ சில பத்தி. சென்னை உயர் நீதிமன்றம் கேள்வி கேட்ட பிறகு, 2021-லதான் அந்த மாதிரிப் பாடங்களைத் திருத்தச் சொல்லி தேசிய மருத்துவ ஆணையம் அறிவுறுத்துச்சு. நான் அதுக்குள்ள படிச்சு முடிச்சு பல வருஷம் ஆச்சு.

திருநர் சமூகம் தெருவுல இறங்கிப் போராடுச்சு. அந்த விளக்கமும் குழுவும் போச்சு. 2019 நவம்பர் 26-ல் அரசின் மசோதா மாநிலங்களவைக்கு வந்தப்போ, இதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள்னு தீர்மானம் கொண்டு வந்தது யாருன்னு நினைக்கறீங்க? அதே சிவாதான். அவர் பேசி, அவர் நெருக்கி, அதனாலயே வந்த சட்டத்தை, இது போதாதுன்னு அவரே தடுத்து நின்னார். தோத்துட்டார். மசோதா அன்னைக்கே நிறைவேறிடுச்சு. 2020 ஜனவரி 10-ல் சட்டம் அமலுக்கு வந்துச்சு.

அந்தச் சட்டத்துல இடஒதுக்கீடு இல்ல. தனி நீதிமன்றம் இல்ல. அடையாளச் சான்றுக்கு கலெக்டர்கிட்ட விண்ணப்பிக்கணும். திருநரைப் பாலியல் வன்முறை செஞ்சா அதிகபட்சம் ரெண்டு வருஷம்தான் தண்டனை. ஒரு பெண்ணுக்கு நடந்தா எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். குறை சொன்னவங்க சும்மா சொல்லல.

ஆனா அதே சட்டத்தோட மூணாவது பிரிவு என்ன சொல்லுது பாருங்க. மருத்துவ சேவையை மறுக்கக்கூடாது, பாதியில நிறுத்தக்கூடாது, பாரபட்சமா நடத்தக்கூடாது. பதினஞ்சாவது பிரிவு, மருத்துவப் பாடத்திட்டத்தை மறுபரிசீலனை பண்ணச் சொல்லுது.

தாள்ல மட்டும் பார்த்து மார்க் போட்டா திருச்சி சிவாவுக்கு முட்டைதான். அவர் மசோதா சட்டமாகல. அவர் தீர்மானம் தோத்துச்சு. ஒரு எம்.பி.யோட வேலையை எத்தனை சட்டம் கொண்டு வந்தார்னு மட்டும் எண்ணினா எதிர்க்கட்சியில உட்கார்ந்த முக்கால்வாசிப் பேருக்கு முட்டைதான் வரும். நான் வேற மாதிரி பார்க்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை அவர் தலையாட்டி மசோதாவைத் திரும்ப வாங்கியிருந்தா, அரசுக்கு அவசரம் எதுவும் இருந்திருக்காது. ஒரு அவை ஒருமனதா நிறைவேத்தினதுக்கு அப்புறம் "பிறகு பார்க்கலாம்"னு ஃபைலை மூட முடியல. அவர் செஞ்சது அதுதான். தீக்காயத்துல மேல இருக்கிற செத்த தோலை எடுத்தாத்தான் அடியில புதுத் தோல் வளரும். எடுக்கிறவரும் ஒட்டுறவரும் ஒரே ஆளா இருக்கணும்னு அவசியம் இல்ல.

தமிழ்நாட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை. 2008-லயே இந்தியாவுல முதல் தடவையா திருநங்கைகள் நலவாரியம் அமைச்ச மாநிலம் இது. அப்படிப்பட்ட மாநிலத்துலதான் 2014-ல நான் 'ஆண்'னு எழுதினேன். வாரியம் சென்னையில இருந்துச்சு, வராந்தா எங்ககிட்ட இருந்துச்சு.

இப்போ அந்த அக்கா கதைக்கு வர்றேன்.

பரிந்துரைக் கடிதம் எழுதினேன். ஓபி சீட்டுல இப்போ மூணாவதா ஒரு கட்டம் இருக்கு, அதுல டிக் அடிச்சேன். கீழ, 'திருநங்கை. அவர் விருப்பப்படி பெண்கள் வார்டில் அனுமதிக்கவும். திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 3'னு எழுதினேன். மருந்துச் சீட்டுல சட்டப்பிரிவு எழுதினது வாழ்க்கையில அதுதான் முதல் தடவை. போன் பண்ணி வார்டு சிஸ்டர்கிட்டயும் பேசினேன். ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. "சுவர் ஓரக் கட்டில் தர்றேன் சார், ஸ்கிரீன் போட்டுக்கலாம். வரச் சொல்லுங்க."

அவங்க நெனச்சா பழைய பதிலையே சொல்லியிருக்கலாம். சொல்லல. சட்டம் தெரிஞ்சு சொன்னாங்களா, மனசுல பட்டு சொன்னாங்களா, நான் கேட்டுக்கல.

ஆபரேஷன் முடிஞ்சது. பிசியோதெரபி போய்க்கிட்டு இருக்கு. ரெண்டு விரல் நல்லா நீளுது, டம்ளர் பிடிக்கறாங்க. மத்த ரெண்டும் பாதிதான். பத்து வருஷத்துக்கு மேல மடங்கியே இருந்ததுல மூட்டும் இறுகிப் போச்சு, அதுக்கு மேல வராதுன்னு சொல்லிட்டாங்க.

அந்த ரெண்டு விரல் 2014-லயே நீண்டிருக்கும். ஒரு கட்டில் சரியான இடத்துல இருந்திருந்தா போதும்.

கடைசியா, நம்ம ஊர்க்காரங்களுக்கு நாலு விஷயம்.

தீக்காயம் பட்டா உடனே குழாய்த் தண்ணிய 20 நிமிஷம் ஓட விடுங்க. பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்கறதுக்கு முன்னாடி கழட்டுங்க.

காயம் ஆறிடுச்சுன்னு விட்டுடாதீங்க. கை, கழுத்து, அக்குள் பக்கம் காயம்னா கட்டையும் பயிற்சியும் முதல் வாரத்துலயே ஆரம்பிக்கணும்.

சரவெடி வீட்டுல பின்னாதீங்க. கூலி தேவைதான், தெரியும். அதுக்கு வீடு இடம் இல்ல.

உங்க பக்கத்துக் கட்டில்ல ஒரு திருநங்கை வந்து படுத்தா சண்டைக்குப் போகாதீங்க. "எப்படிம்மா இருக்கு?"ன்னு கேளுங்க. அதுக்கு எந்த அவையிலயும் மசோதா தேவையில்ல.



அரசு மருத்துவர்,
எம். புதுப்பட்டி