பழைய நாணயமும் விற்பவரின் நாணயமும்



கையில் புழங்கும் காசையும் மனிதரின் நேர்மையையும் தமிழில் ஒரே சொல்லால் 'நாணயம்' என்றே குறிப்பிடுகிறோம். பழங்காசுகளை இணையத்தில் விற்க முற்படும் குடும்பங்கள் பெருகிவரும் இக்காலத்தில் இவ்விரு பொருளையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரகடத்தை அடுத்த எங்கள் சேரப்பணஞ்சேரிப் பகுதியில் ஆலைகள் பெருகிய பின் வாழ்க்கை முறை பெரிதும் மாறிவிட்டது. ஆயினும் முன்னோர் துணியில் முடிந்து வைத்த காசுகள் சில வீடுகளின் பெட்டிகளில் இன்னும் உறங்குகின்றன. அவற்றுள் சிலவற்றில் இருப்பது அரபு எழுத்து. ஆகவே மத்ரஸாவில் பாடம் நடத்தும் என்னிடம் கொண்டுவந்து, "ஹஜ்ரத், இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கிறார்கள். அண்மைக் காலமாக இன்னொரு கேள்வியும் உடன் வருகிறது: "விற்பதற்கு முன் தரச்சான்று வாங்க வேண்டுமாமே, எந்த நிறுவனத்திடம் வாங்குவது?"

முதல் கேள்விக்கே விடை எளிதன்று. ஆற்காட்டு ரூபாய் என்னும் வெள்ளிக் காசை எடுத்துக்கொள்வோம். எழுத்து அரபு, மொழி பாரசீகம். முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டும் அதில் இருக்கும். அது கி.பி. 1758-59க்கு இணையானது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியார் மன்னர் மறைந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் சென்னை நாணயச்சாலையில் அதே பெயரையும் அதே ஆண்டையும் பொறித்து அடித்து வந்தனர். அவர்கள் காசில் தாமரைக் குறி இருக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்த ஆற்காட்டு ரூபாயில் பிறைக் குறி இருக்கும். எழுத்தைப் படிக்கத் தெரிந்த எனக்கு இக்காசின் உண்மையான வயதோ விலையோ தெரிந்துவிடாது. அதற்கெனத் தேர்ந்தவர் வேண்டும்.

அத்தகைய தேர்ச்சி நம் மண்ணுக்குப் புதிதன்று. நாணயத்தின் மாற்றறிந்து சொல்வோரைப் பழந்தமிழர் 'வண்ணக்கர்' என்றனர். சங்கப் புலவருள் ஒருவரின் பெயரே வடமவண்ணக்கன் தாமோதரனார் என்பதாகும். பிற்காலத்தில் அப்பணியைச் செய்தோர் அரபுச் சொல்லான 'ஸர்ராஃப்' வழியாக 'சராப்' எனப் பெயர் பெற்றனர். பழைய வெள்ளி ரூபாய்களின் விளிம்பிலும் முகத்திலும் காணும் சிறு குத்துக் குறிகளுள் பல, அவர்கள் சோதித்ததற்கு அடையாளமாக இட்டவையே.

இன்று அப்பணியை நிறுவனங்கள் செய்கின்றன. அமெரிக்காவில் 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி ஆகியன நாணயங்களுக்கும், 2005இல் பிஎம்ஜி காகிதப் பணத்திற்கும் இச்சேவையைத் தொடங்கின. காசு உண்மையானதா என்று சோதித்து, தேய்மானத்தைப் பார்த்து, 1 முதல் 70 வரை ஒரு மதிப்பெண் இட்டு, சான்றெண்ணுடன் ஒளிபுகும் நெகிழிப் பேழையில் அடைத்துத் தருவார்கள். 60க்கு மேல் என்றால் புழக்கத்தில் தேயாதது என்று பொருள். இந்தியாவிலும் தரம் பார்ப்பதாகச் சொல்வோர் உண்டு.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்டு, ஒரு காலத்தில் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்துத் தந்த சிறு அட்டைகளுக்கும் இதே முறை உண்டு. 1909 முதல் 1911 வரை வெளிவந்த அவ்வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்னும் ஆட்டக்காரரின் அட்டை மிக அரிது. அவற்றுள் ஓர் அட்டை 1991இல் 4,51,000 டாலருக்கு ஏலம் போனது. அவ்வாண்டு பிஎஸ்ஏ என்னும் நிறுவனம் தன் முதல் சான்றையே அதற்கு வழங்கி, பத்துக்கு எட்டு மதிப்பெண் இட்டது. அட்டை பன்மடங்கு விலைக்குக் கைமாறிக்கொண்டே சென்றது. 2013இல் பில் மாஸ்ட்ரோ என்னும் ஏலக்காரர், ஓரங்கள் கூர்மையாகத் தெரிவதற்காக அந்த அட்டையை வெட்டியவர் தாமே என்பதை ஒப்புக்கொண்டார். ஏல மோசடிக்காக 2015இல் அவருக்கு 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சான்று வழங்கியவர் காணத் தவறிய குறையை விற்றவர் அறிந்திருந்தார். பேழைக்குள் அடைத்ததனால் அக்குறை இல்லாமற் போய்விடவில்லை.

இங்கு நம் மார்க்கம் கற்பித்தது நினைவுக்கு வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் விற்பவர். அவ்வாறாயின் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். நனைந்த தானியத்தை விற்பதை அவர்கள் தடுக்கவில்லை. ஈரத்தை மறைப்பதையே தடுத்தார்கள்.

இச்செய்தியை மக்தபில் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறேன். அதை ஒருவருக்கு நேராகச் சொல்ல வேண்டிய நாளும் வந்தது. என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தியின் தந்தை, ஆலை ஒன்றில் ஒப்பந்த வேலை முடிந்து வீட்டில் இருந்தார். மகளின் பள்ளிக் கட்டணம் நிலுவையில் இருந்தது. மறைந்த அத்தா வைத்துச் சென்ற தகரப் பெட்டியில் 1940களின் வெள்ளி ரூபாய்கள் மூன்றும், ஓர் ஆற்காட்டு ரூபாயும், கம்பெனியின் பெயரும் 1818 என்னும் ஆண்டும் மக்கா, மதீனா உருவங்களும் 786 என்னும் எண்ணும் பொறித்த செம்புத் துண்டு ஒன்றும் இருந்தன. அச்செம்புத் துண்டுக்கே பல லட்சம் கிடைக்கும் என்று தொலைபேசியில் ஒருவர் சொல்லியிருக்கிறார். பதிவுக் கட்டணம், வரி என்று கேட்டு, ரிசர்வ் வங்கியின் சின்னமிட்ட கடிதமும் அனுப்பியிருக்கிறார். கடன் வாங்கி முதல் தவணையை அனுப்பிய பின்னரே அச்சகோதரர் என்னிடம் வந்தார்.

பழைய நோட்டு, நாணய வணிகத்தில் தனக்குத் தொடர்பில்லை என்றும், அதற்காக எவரிடமும் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்றே அறிவித்துவிட்டது. அந்தச் செம்புத் துண்டும் காசன்று. அத்தகைய நாணயத்தைக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. பிற்காலத்தில் பக்தர்களைக் குறிவைத்துச் செய்யப்பட்ட பொருள் அது. கோயில் உருவங்கள் பொறித்து மாற்றுமதச் சகோதரர்களுக்கும் இதே 1818ஐ விற்கிறார்கள்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஹஜ்ரத், இதே துண்டை இணையத்தில் சான்றோடு விற்கிறார்களே. நானும் எங்கேயாவது ஒரு சான்று வாங்கி விற்றால், பொறுப்பு சான்று கொடுத்தவருடையதுதானே?"

வறுமையில் இருப்பவரின் இக்கேள்வியை எளிதில் பழித்துவிட இயலாது. ஆயினும் விடை ஒன்றே. தரச்சான்று என்பது ஒரு சாட்சி. நமக்குத் தெரியாததைச் சாட்சி சொல்லலாம். தெரிந்ததை மறைக்கச் சாட்சியை நிறுத்தலாகாது. போலி என்று அறிந்த நொடியே அறிவிக்கும் கடமை நம் மீது வந்துவிடுகிறது. இதைத்தான் அவரிடம் சொன்னேன்.

சாட்சியைத் தேர்வதில் நாம் காட்டும் எச்சரிக்கையே தர நிறுவனத்தைத் தேர்வதற்கும் பொருந்தும். சாட்சிக்கு வழக்கில் ஆதாயம் இருக்கலாகாது. தரம் பார்ப்பவரே காசை வாங்கி விற்பவராகவும் இருந்தால் விலகிவிடுங்கள். சான்றெண்ணை இணையத்தில் இட்டால் அக்காசின் படமும் விவரமும் வருகின்றனவா என்று பாருங்கள். போலிப் பேழைகளும் சந்தையில் உண்டு. தம் தவறால் வாங்கியவருக்கு இழப்பு நேர்ந்தால் ஈடு செய்வதாக எழுத்தில் உறுதி தருகிறார்களா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குறையைக் குறை என்று எழுதும் நிறுவனமா என்று பாருங்கள். புளி போட்டோ, பாலிஷ் போட்டோ துலக்கிய காசுக்கு நல்ல நிறுவனங்கள் மதிப்பெண் இடாமல், துலக்கப்பட்டது என்றே குறித்து அனுப்பும். எதற்கும் உயர்ந்த மதிப்பெண் தருபவரிடம் மகிழ்ந்து செல்வோர் பலர். அவர் சான்றுக்குச் சந்தையில் மதிப்பிராது. பெட்டியில் கிடக்கும் காசைத் தயவுசெய்து துலக்காதீர்கள்.

கட்டணத்தையும் கணக்கிடுங்கள். பழமை மட்டுமே விலையாகாது. 1918ஆம் ஆண்டு ரூபாய் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டதால் எளிதில் கிடைக்கிறது. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றிபோல் தோன்றியதால் முஸ்லிம்கள் மனம் புண்பட, அவ்வாண்டு ரூபாய் திரும்பப் பெறப்பட்டு உருவம் திருத்தப்பட்டது. அதனால் அது அரிதாயிற்று. சகோதரரின் 1940களின் ரூபாய் 11.66 கிராம் எடை, அதில் பாதியே வெள்ளி. தேய்ந்த நிலையில் இருந்த அவற்றுக்குச் சான்று வாங்குவது, காசைவிடக் கட்டணம் மிகுதியாகும் செயல்.

சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருளாகும். அதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனிமனிதருக்கு உரிமையில்லை. விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் தேவை. ஆகவே ஆற்காட்டு ரூபாயை அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் பார்க்கலாம் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் பகுதியில் ஆலைகளுக்காக நாள்தோறும் நிலம் தோண்டப்படுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: மண்ணில் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

786 எண் கொண்ட நோட்டுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவ்வெண் பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்குரிய அப்ஜத் கூட்டுத்தொகை. நோட்டில் அது வரிசை எண்ணின் ஒரு பகுதி மட்டுமே. காகிதப் பணத்துக்கும் தங்கம், வெள்ளிக்குரிய விதிகளே பொருந்தும் என்று 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. அதன்படி, செல்லுபடியாகும் நூறு ரூபாயை ஆயிரம் ரூபாய்க்கு விற்பது வட்டியின் வாயிலில் நிற்பதாகும். வெள்ளிக் காசை இணையத்தில் விற்கும்போது பணமும் பொருளும் வெவ்வேறு நாளில் கைமாறுவதிலும் ஃபிக்ஹுச் சிக்கல் உண்டு. இவற்றை உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே இறங்குங்கள்.

அச்சகோதரரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "பெட்டி உங்களுடையதா, அத்தாவுடையதா?" தாயார் முன்னரே மறைந்துவிட்டார், சகோதரிகள் இருவர் இருக்கின்றனர். இருவரையும் அழைத்துப் பேசினார். வெள்ளி ரூபாய்கள் மூன்றையும் நகைக்கடையில் எடைக்குக் கொடுத்து, தமக்கு இரு பங்கும் சகோதரிகளுக்குத் தலா ஒரு பங்குமாகப் பிரித்தார். சிறிய தொகைதான். அதனால் அவர் கடன் தீரவில்லை. அனுப்பிய தவணையும் திரும்பவில்லை. இணையக் குற்றங்களுக்கான 1930 எண்ணில் புகார் அளித்திருக்கிறார். ஆற்காட்டு ரூபாயை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவினரிடம் காட்டிய பின் முடிவு செய்வதென மூவரும் ஒப்பியுள்ளனர். செம்புத் துண்டை என்னிடமே தந்துவிட்டார். அடுத்து யாரேனும் அதுபோன்ற ஒன்றைக் கொண்டுவந்தால் காட்டுவதற்காக மத்ரஸா அலமாரியில் வைத்திருக்கிறேன்.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டு என்பது நபிமொழியின் கருத்து. சான்று தரும் நிறுவனத்தை ஆராய்ந்து தேர்ந்தெடுங்கள். அச்சான்றின் அருகில், அக்காசைப் பற்றி நீங்கள் அறிந்த குறைகளையும் உங்கள் கையால் எழுதி வையுங்கள். வல்ல நாயன் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி, ஹலாலான வாழ்வாதாரத்தை நம் குடும்பங்களுக்கு விசாலமாக்கித் தருவானாக. ஆமீன்.