சோம்பேறி என்று சொல்லிவிட்டேன்



ஆசிரியர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதைக் காலங்கடந்தே உணர்ந்தேன். அதனை இன்று இங்கே பதிவு செய்கிறேன்.

தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் இருந்தான். சொல்வதெழுதுதலில் அவனை மிஞ்ச ஆளில்லை. நீண்ட வாக்கியத்தை ஒருமுறை வாசித்தால் போதும்; தலை நிமிராமல் முழுவதையும் எழுதிவிடுவான். பின்னர் ஐந்தாம் படிவத்தில், எஸ்.பி.எம். தமிழ்மொழிக்கான மாலை வகுப்பில் மீண்டும் என்முன் அமர்ந்தான். இப்போது இரண்டு சொற்கள் எழுதியதும் அவன் பேனா நின்றுவிடும். "ஐயா, மறுபடியும் சொல்லுங்கள்" என்பான். நண்பர்களோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டான். கைப்பேசி மோகம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒருநாள் எல்லார் முன்னிலையிலும், "நீ சோம்பேறியாகிவிட்டாய்" என்று கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. மறுவாரம் வகுப்புக்கும் வரவில்லை.

ஓராண்டு கழித்து அவன் தாயாரைக் கோயிலில் சந்தித்தேன். யாரோ திட்டும் குரல் கேட்பதாக அவன் சொன்னானாம். மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா, என்று மருத்துவர் கூறிவிட்டாராம்.

அதன் பிறகே நான் இந்நோயைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். பெரும்பாலும் பதின்மப் பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ இது வெளிப்படுகிறது. குரல் கேட்பதற்கு முன்பே பலரிடம் கவனமும் செயல்நினைவும் தளர்ந்துவிடுகின்றன. ஒரு செய்தியைச் சில நொடிகள் மனத்தில் ஏந்தியபடியே அதனைப் பயன்படுத்தும் ஆற்றலே செயல்நினைவு. வாக்கியத்தைக் கேட்டு, மனத்தில் நிறுத்தி, எழுத்தாக்க வேண்டிய சொல்வதெழுதுதலுக்கு அதுவே அடிப்படை அன்றோ!

இதில் நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைக்குப் பெரும்பங்கு உண்டு. எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டி, "இரண்டு எழுத்துக்கு முன் வந்ததே இப்போதும் வந்ததா?" என்று கேட்டவாறே ஆய்வாளர்கள் மூளையைப் படமெடுக்கின்றனர். சில ஆய்வுகளில் நோயுற்றோரின் முன்மூளை போதிய அளவு இயங்கவில்லை. வேறு சில ஆய்வுகளிலோ, பிறர் எளிதாகச் செய்யும் அதே பணிக்கு அது கூடுதலாக உழைத்தது. பணி கடினமானபோது ஈடுகொடுக்க இயலாமல் தளர்ந்தது. மருந்தே உட்கொள்ளாத தொடக்கநிலை நோயாளிகளிடமும் முன்மூளையின் இயக்கம் வேறுபட்டிருந்தது. ஆகவே, மருந்தின் மீது மட்டும் பழிபோட இயலாது.

இதை வாசித்த இரவு எனக்கு உறக்கமில்லை. நான் சோம்பேறி என்று அழைத்த பிள்ளை, ஒருவேளை அவ்வகுப்பிலேயே மிகக் கடினமாக உழைத்தவனாக இருந்திருக்கலாம்.

தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டு மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்றளவும் நம்மவர் சிலருக்கு அவ்வூர்ப் பெயரே கேலிச்சொல். அந்தக் கேலிக்கு அஞ்சியே அத்தாயார் பல மாதங்கள் மருத்துவரை நாடவில்லை. சிகிச்சை தாமதமாகும் அளவுக்கு மீள்வதும் கடினமாகிறது. நாமும் அவ்வூர்ப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்கள்தாமே?

கவனம் சிதறும் பிள்ளைகள் எல்லாரும் நோயாளிகள் அல்லர். இந்நோய்க்கு ஆளாவோர் மிகச் சிலரே. ஆனால் நன்றாகப் படித்த பிள்ளை திடீரெனப் பின்தங்கி, உறக்கம் கெட்டு, தனிமையை நாடி, காரணமின்றி ஐயுற்றால், கடிந்துகொள்வதற்கு முன் விசாரியுங்கள்; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அவன் இப்போது சிகிச்சை பெற்று ஒரு கடையில் பணிபுரிகிறான். குரல்கள் அடங்கிவிட்டன, நினைவின் தளர்ச்சி இன்னும் முழுதாக நீங்கவில்லை. முதலாளி வேலைகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக் கொடுக்கிறாராம். கடந்த தீபாவளிக்கு வீட்டிற்கு வந்தான். அன்று அப்படிச் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அது நினைவில்லை, ஐயா" என்றான். உண்மையாகவே மறந்தானா, என் மனம் நோகக்கூடாது என்று சொன்னானா, அறியேன்.