அந்தத் தீர்ப்பில் அண்ணாச்சி யார்?

2023 ஐப்பசி. அடைமழை பிடித்த ஒரு சாயங்காலம் ஓட்டப்பிடாரத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். நிலாவாரை இலை வாங்கிக் காயவைத்து, சலித்து, மூட்டை போட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறவர். வெளிநாட்டுச் சந்தையில் அந்த இலைக்குப் பெயர் 'திருநெல்வேலி சென்னா'. கப்பல் ஏறுவது என்னவோ தூத்துக்குடியில்.

கையில் மடித்து மடித்துக் கிழிந்த ஒரு பேப்பர் கட்டிங். "வக்கீல் சார், இதே மாதிரி எனக்கும் ஒரு தீர்ப்பு வாங்கிக் கொடுத்திருங்க" என்றார். ஓட்டப்பிடாரம் வ.உ.சி. பிறந்து, வக்கீல் தொழிலும் தொடங்கிய ஊர். அங்கே கட்சிக்காரர்களுக்கும் சட்டம் கொஞ்சம் கூடவே தெரியும்.

கட்டிங் எனக்குத் தெரிந்ததுதான். ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த, வெளிநாட்டில் வேலை பார்த்த ஒருவர், 2007-இல் வங்கி அனுப்பியதாகத் தோன்றிய மின்னஞ்சலை நம்பிப் பணத்தை இழந்தார். பாஸ்வேர்டைக் கொடுத்தது அவர் தப்பு என்றது வங்கி. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி விசாரித்த தமிழக ஐ.டி. துறைச் செயலாளர் டேவிதார், 2010 ஏப்ரலில் வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டார். உரிய கவனம் எடுக்காதது வங்கிதான் என்பது அவர் முடிவு.

என்னைத் தேடி வந்த அண்ணாச்சியின் கதை வேறு. அவருடைய வெப்சைட்டில் ஆர்டர் பக்கத்தில் பேங்க் கணக்கு எண் போட்டிருந்தார். குஜராத் வியாபாரி ஒருவர் அதைப் பார்த்து 3,20,000 ரூபாய் முன்பணம் அனுப்பினார். அந்த எண் அண்ணாச்சியுடையது அல்ல. எவனோ மாற்றியிருந்தான்.

சைட் போட்டுக்கொடுத்த பையனை வரச்சொன்னேன். லேப்டாப்பைத் திறந்து, 'விசாரணைப் படிவம்' வழியாக வந்திருந்த ஒன்றைக் காட்டினான். பெயர் இருந்தது, போன் நம்பர் இருந்தது, இலை கிலோ என்ன விலை என்ற கேள்வியும் இருந்தது. அதற்குக் கீழே கோண அடைப்புக்குறிக்குள் 'ஸ்கிரிப்ட்' என்று தொடங்கி ஒன்றரை வரி. கடைக் கணக்குப்பிள்ளை காலையில் அட்மின் பக்கத்தில் நுழைந்து அந்த விசாரணையைத் திறந்திருக்கிறார். திறந்ததுதான் தாமதம், அந்த ஒன்றரை வரி அவருடைய பிரவுசரில், அவருடைய அதிகாரத்தில் ஓடி, இன்னொரு அட்மினை உண்டாக்கிவிட்டது. அவர் கண்ணில் பட்டது விலை கேட்ட கேள்வி மட்டும். அந்தப் புது அட்மின் வழியாகத்தான் கணக்கு எண் மாறியது.

இதற்கு கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங் என்று பெயர். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்: மனுவில் எழுதியிருப்பதை நீதிபதி போட்ட உத்தரவாக எண்ணி அமீனா ஜப்திக்குக் கிளம்பினால் எப்படியோ, அப்படி. சைட்டில் அந்தப் படிவத்தை நடத்தும் துணை மென்பொருளுக்குப் பிளகின் என்று பெயர். வெளியாள் எழுதியதை வெறும் எழுத்தாக மட்டுமே காட்ட வேண்டிய அந்தப் பிளகின், அதைக் கட்டளையாக ஓடவிட்டுவிட்டது. பழைய வியாதிதான். அமெரிக்காவின் 'செர்ட்' கணினிப் பாதுகாப்பு மையம் 2000 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அமலுக்கு வந்ததே அதே வருஷம் அக்டோபரில்தான். 2020 ஏப்ரலில் நிஞ்சா ஃபார்ம்ஸ் என்ற படிவப் பிளகினிலும் இந்த வகை ஓட்டை வெளிப்பட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த பிளகின் அது. அதைச் செய்தவர்கள் உடனே திருத்தமும் வெளியிட்டார்கள். அண்ணாச்சியின் சைட்டில் இருந்தது அது அல்ல, வேறொன்று. அதற்கும் திருத்தம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, யாரும் போடவில்லை.

"அப்போ இவன் மேலதான சார் கேஸ்?" என்றார் அண்ணாச்சி, பையனை எதிரில் வைத்துக்கொண்டே.

பையன் பேசவில்லை. வாட்ஸ்அப்பைத் திறந்து போனை என் மேஜையில் வைத்தான். "அண்ணாச்சி, பிளகின் எல்லாம் அப்டேட் பண்ணணும், வருஷத்துக்கு 6,000 ஆகும்." கீழே அண்ணாச்சியின் பதில்: "பொறவு பாப்போம்." சாட்சிக் கூண்டில் எதிர்க்கட்சி நீட்டியிருக்க வேண்டிய ஆவணம், என் மேஜைக்கே வந்துவிட்டது. அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்திருந்தால் எங்கள் வழக்கு அன்றே படுத்திருக்கும். பிளகின் செய்தவர்களையும் இழுக்க முடியாது. இலவசமாகக் கொடுத்ததற்கு உத்தரவாதம் கிடையாது என்று உரிமத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அடையாளம் தெரியாத ஆள் மீது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66, 66டி பிரிவுகளில் சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்தோம். பணம் அதற்குள் நாலு கணக்கு தாண்டியிருந்தது. 41,000 ரூபாய் மட்டும் முடக்கப்பட்டது.

அதற்குள் குஜராத்காரரின் நோட்டீஸ் வந்தது. 'உங்கள் சைட்டில் இருந்த கணக்கில்தான் போட்டேன். சரக்கை அனுப்புங்கள்.' அன்றைக்குத்தான் அந்தக் கட்டிங்கை மேஜையில் விரித்துவைத்து அண்ணாச்சிக்குச் சொன்னேன். "இந்தத் தீர்ப்புல நீங்க பணத்தைப் பறிகொடுத்தவர் இல்ல அண்ணாச்சி. அது குஜராத்காரர். நீங்க பேங்க்."

சட்டம் வரிக்கு வரி பொருந்தாதுதான். வங்கிக்கும் வியாபாரிக்கும் கடமை ஒன்றல்ல. ஆனால் கேட்கப்போகும் கேள்வி ஒன்றே: பூட்ட வேண்டிய கதவு யாருடையது?

வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "6,000 ரூவாய்க்குப் பாத்தேன் சார்" என்றார்.

வழக்கு நீதிமன்றம் போகவில்லை. நட்டத்தில் பாதியை அண்ணாச்சி ஏற்பது, மீதியைக் குஜராத்காரர் அடுத்த இரண்டு ஆர்டர்களில் விலையில் சரிக்கட்டுவது என்று ஒப்பந்தம் எழுதினோம். தை பிறந்து முதல் வாரம் சரக்கு லாரி ஏறியது. சைட்டை இப்போதும் அதே பையன்தான் பார்க்கிறான். ஆர்டர் பக்கத்தில் கணக்கு எண் இல்லை. போனில் கேட்டால்தான் சொல்கிறார்கள்.