பாறை வரைக்கும் ஒரு காலணி

பாறையேற்றம் பற்றிப் பேசுகிறவர்கள் பாறையைப் பற்றியே பேசுகிறார்கள். எந்தப் பிளவில் விரல் நுழையும், எந்த விளிம்பில் கால் நிற்கும், கயிற்றை எங்கே மாட்டுவது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். பாறையின் அடிவாரம் வரை நடந்து போவதையும், ஏறி முடித்தபின் களைத்த கால்களோடு மறுபக்கம் இறங்கி வருவதையும் யாரும் பேச்சில் சேர்ப்பதில்லை. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். பெங்களூருக்கு வந்து கண்டீரவா விளையாட்டரங்கின் செயற்கைச் சுவரில் ஏறிப் பழகிய நாட்களில் கணவனும் மனைவியுமாக நாங்கள் சேமித்த பணமெல்லாம் கயிற்றுக்கும் இடுப்புப் பட்டைக்கும் பாறையில் போடும் இறுக்கமான ஷூவுக்குமே போயிற்று. ராமநகரத்துக்குப் பேருந்தில் போய் இறங்கி முட்புதருக்குள் நடக்கும்போது காலில் கிடந்தது எதுவென்று கேட்டால், கிடைத்தது எதுவோ அது. பழைய ஓட்டக் காலணி, சில நாட்களில் ரப்பர் செருப்பு. ஹம்பியில் இன்றும் பாதிப் பேர் ரப்பர் செருப்போடுதான் பாறைக்குப் பாறை தாவுகிறார்கள்.

இந்த அலட்சியத்துக்கு எங்கள் இருவரைத் தவிர வேறொருவர் விலை கொடுத்தார். அதை எழுதாமல் காலணியைப் பற்றி எழுதுவது நியாயமாக இராது.

அவரை நாங்கள் அண்ணாச்சி என்று அழைப்போம். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். வங்கியில் ஓய்வு பெற்று, மகனோடு இருக்க பெங்களூர் வந்தவர். ஒரு புத்தக வாசிப்புக் கூட்டத்தில் அறிமுகமாகி, ஞாயிறுதோறும் எங்களோடு பாறைக்கு வரத் தொடங்கினார். ஏறமாட்டார். ஃபிளாஸ்க்கில் டீயும் கையில் ஏதாவதொரு நாவலுமாக நிழல் பார்த்து அமர்ந்துகொள்வார். பள்ளிக்கூடத்துக்குக் கரிசல் மண்ணில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்த கால்கள் அவை. முன்பாதம் விசிறிபோல் அகன்றிருக்கும். ரப்பர் செருப்போடு அவர் சரிவில் இறங்குவதைப் பார்த்தால் எங்கள் பயிற்சியெல்லாம் எதற்கென்று தோன்றும். செருப்பு வழுக்கும் இடத்தில் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான் அவருடைய தொழில்நுட்பம்.

அவருக்கு நல்ல ஷூ ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் நாங்கள். முட்கள் இருக்கின்றன, பாம்பு இருக்கிறது, வயதும் அறுபத்து மூன்று. 2009இல் வெளிநாட்டிலிருந்து ஓர் உறவினர் வாங்கி வந்த கனத்த மலைநடைக் காலணி ஒன்று, இரண்டு வருடம் போட்டபின் பரணில் கிடந்தது. தோலில் ஒரு கீறல் இல்லை. பளபளவென்று துடைத்துக் கொடுத்தோம். அவருக்கு அளவும் சரியாக இருந்தது. "இவ்வளவு வெல கூடினதெல்லாம் எனக்கெதுக்கு தம்பி" என்றார். வற்புறுத்திப் போடவைத்தோம்.

2016 டிசம்பரில் சாவனதுர்காவுக்குப் போனோம். மாகடிக்கு அருகே 1226 மீட்டர் உயரத்துக்கு எழும் ஒற்றைப் பாறை அது. ஏறுகிறவர்களுக்கு அங்கே பெளதிங்களு என்ற நீண்ட தடம் இருக்கிறது. கன்னடத்தில் நிலவொளி என்று பொருள். ஏறாதவர்களுக்குக் கோட்டை மதில்களின் இடிபாடுகள் வழியாகச் சரிவிலேயே நடந்து உச்சிக்குப் போகும் பாதை இருக்கிறது. அன்று நாங்கள் ஏறவில்லை. அண்ணாச்சிக்கு உச்சியிலுள்ள நந்தியைக் காட்டவேண்டுமென்று அவரோடு நடந்தோம். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்குகையில், செங்குத்தாகிக்கொண்டே போகும் மொட்டைச் சரிவொன்றில், வலதுகால் ஷூவின் அடிப்பாகம் மொத்தமாகப் பிரிந்து கீழே உருண்டோடியது. அவர் ஒரு பக்கமாகச் சரிந்து, பத்தடி தூரம் தேய்ந்து, ஒரு பள்ளத்தில் கால் மாட்டி நின்றார். கணுக்கால் முறிந்துவிட்டது என்பது பார்த்த கணமே தெரிந்தது. கயிறு காரில் இருந்தது. கோயிலுக்கு வந்திருந்த உள்ளூர் இளைஞர்கள் நால்வர் முறைமாற்றி அவரை முதுகில் சுமந்து இறக்கினார்கள். அதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தகடும் திருகாணிகளும் வைத்து அறுவை சிகிச்சை நடந்தது.

மருத்துவமனையில் மதினி எங்களிடம் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. "அவுக நிதானம் போயிருச்சு. வயசாகுதுல்லா" என்றார்கள். அண்ணாச்சியும் அதையேதான் சொன்னார், கால் தப்பிவிட்டது என்று. ஆறு மாதத்தில் நன்றாக நடந்தார். ஆனால் மலைப்பக்கம் வர மறுத்துவிட்டார். மாடிப்படியில்கூடக் கைப்பிடியை விடாமல் இறங்கினார். கால் தேறிவிட்டது, தன் காலின் மேல் இருந்த நம்பிக்கை தேறவில்லை.

அந்த ஷூவை நாங்கள் ஒரு பையில் போட்டு வைத்திருந்தோம். ஏன் வைத்திருந்தோம் என்று தெரியவில்லை. மறுவருடம் அல்சூரில் தமிழ் பேசும் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் வேறு வேலையாகப் போனபோது அதையும் காட்டினோம். மேல்தோலைத் தட்டிப் பார்த்தார். அடிப்பாகம் பிரிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ரஸ்க் உதிர்வதுபோல் உதிர்ந்தது. "எத்தனை வருசம் சும்மா வெச்சிருந்தீங்க சார்?" என்றார். ஐந்து என்றோம். "போட்டுத் தேயறதைவிட போடாம கெடக்கறதுதான் இதுக்குக் கெடுதி. உள்ள இருக்கறது மாவாப் போயிரும். தோலு சாகாது, இதுதான் சாகும்."

அவர் சொன்னதற்கு வேதியியலில் பெயர் இருக்கிறது. பல நடைக் காலணிகளில் பாதத்துக்கும் கீழ் ரப்பருக்கும் நடுவே மெத்தையாக வைக்கப்படுவது பாலியூரித்தேன். காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்ததுதான். வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில், காற்றோட்டமில்லாத பெட்டியில், அது விரைவாக நடக்கும். நடந்துகொண்டே இருந்தால் ஒவ்வோர் அடியிலும் அழுந்தி விரிந்து ஈரம் ஓரளவு வெளியேறும் என்கிறார்கள். பரணில் வைத்துப் பாதுகாத்தால் வெளியே புதிதாகவும் உள்ளே சாம்பலாகவும் இருக்கும். அன்று சாவனதுர்காவில் எவர் போட்டிருந்தாலும் அது பிரிந்திருக்கும். நிதானம் போனது அண்ணாச்சிக்கு அல்ல.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அவரிடம் சொல்ல எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. சொல்லாமல் இருப்பதற்கு எங்களிடம் காரணங்கள் நிறைய இருந்தன. பழையதைக் கிளறுவானேன், மதினி என்ன நினைப்பார்கள், சொல்லி என்ன ஆகப்போகிறது. உண்மையான காரணம் ஒன்றுதான், வெட்கம். அவர் தன்னையே குறைசொல்லிக்கொண்டிருந்தது எங்களுக்கு வசதியாக இருந்தது.

அந்த ஓராண்டில் நாங்கள் காலணியைப் படித்தோம். குற்றவுணர்வு சிலரைக் கோயிலுக்கு அனுப்பும், எங்களைக் கடைகளுக்கு அனுப்பியது. படித்ததில் மனத்தில் தங்கியது இத்தாலியர் விட்டாலே பிரமானியின் கதை. 1935இல் அவர் போன மலையேற்றக் குழுவில் ஆறு பேர் ஆல்ப்ஸில் இறந்தார்கள். அந்தக் காலத்தில் மலையடிவாரம் வரை ஆணியடித்த கனத்த பூட்ஸ், பாறைக்கு மெல்லிய அடிகொண்ட வேறு காலணி என்று இரண்டு ஜோடி வழக்கம். மெல்லியதோடு மேலே இருந்தபோது பனிப்புயல் பிடித்துக்கொண்டது. நடைக்கும் பாறைக்கும் ஒன்றே பொருந்தவேண்டும் என்ற எண்ணத்தில், பிரெல்லி டயர் நிறுவனத்தின் துணையோடு, கட்டைகட்டையாகப் பல்வைத்த ரப்பர் அடியை 1937இல் அவர் உருவாக்கினார். பீரங்கி வண்டியின் சக்கரப்பட்டை என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். 1954இல் கே2 சிகரத்தை முதலில் தொட்ட இத்தாலியர்களின் காலில் இருந்தது அவருடைய விப்ரம் அடிதான். பின்னர் 1985இல் அமெரிக்காவில் ஃபைவ் டென் நிறுவனம், பாறை ஷூவுக்குரிய ஒட்டும் ரப்பரை நடைக் காலணிக்குக் கொண்டுவந்தது. பாறை வரை நடப்பதற்கென்றே ஒரு காலணி என்ற வகை அங்கிருந்து தொடங்குகிறது என்று சொல்லலாம்.

நம் பக்கத்துக்கு வருவோம். மண்பாதைக்குச் செய்த ஷூவில் பற்கள் ஆழமாகவும் இடைவெளி அதிகமாகவும் இருக்கும். சேற்றில் அவை கவ்வும். மொட்டைக் கருங்கல்லில் அந்தப் பற்களின் நுனி மட்டுமே பாறையைத் தொடும். பாறைக்கு வேண்டியது நேர்மாறானது. பற்கள் தட்டையாக, வட்டவட்டமாக, நெருக்கமாக இருக்கவேண்டும். பெருவிரலுக்கடியில் பற்களே இல்லாத வழுவழுப்பான ஒரு பகுதி இருக்கவேண்டும், சிறு விளிம்பில் நுனிக்காலை வைத்து நிற்க அது உதவும். மென்மையான ரப்பர் நன்றாகப் பற்றும், சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஈரப்பாறையில் கைவிடும். இரண்டையும் ஒருசேர வாங்கமுடியாது. எங்கள் தீர்ப்பு, பற்றுவதையே வாங்கவேண்டும், உழைப்பை வேறிடத்தில் தேடவேண்டும் என்பது.

வேறிடம் என்பது மேல்பாகமும் தையலும். வலைத்துணி காற்றோட்டமானது, கோடைக்கு இதமானது, ஆனால் ராமநகரத்து முட்புதர்கள் ஒரே பருவத்தில் அதைப் பொத்தலாக்கிவிடும். தோல் தாங்கும். மழைக்காலத்தில் கனக்கும், பூஞ்சை பிடிக்கும், ஆனாலும் தாங்கும். விரல்பகுதியைச் சுற்றி ரப்பர் பட்டை ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும், பாறையில் முதலில் அடிவாங்குவது அந்த இடம். நாடா விரல்நுனி வரை நீண்டால் ஏறும்போது இறுக்கிக்கொள்ளலாம், நடக்கையில் தளர்த்தலாம். நீண்ட தடங்களில் இந்த ஷூவை இடுப்புப் பட்டையில் தொங்கவிட்டுக்கொண்டுதான் ஏறவேண்டும், மறுபக்கம் இறங்குவதற்கு. ஆகவே கனத்த பூட்ஸ் வீண். நடு மெத்தையில் பாலியூரித்தேனைவிட ஈவிஏ நுரை நமக்குத் தோது. அது நாளடைவில் அமுங்கித் தட்டையாகும், திடீரென்று மாவாகி உதிராது. அல்சூர்ப் பெரியவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்று, வெறும் பசையில் நிற்கும் அடியைவிட ஓரத்தில் தையலும் உள்ளதை எடுப்பது. பசை வெயிலில் இளகும். காரின் டிக்கியில் ஷூவைப் போட்டுவைக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டோம்.

அளவுதான் பெரிய சிக்கல். ஐரோப்பிய அச்சில் செய்த காலணிகள் பலவும் முன்பக்கம் குறுகலானவை. வெறுங்காலோடு வளர்ந்த பாதம் அவற்றில் நசுங்கும். பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையனின் காலைச் சொல்லும்போது செருப்பு அழுத்திய வடுவோடு சேர்த்தே சொல்லியிருக்கிறது. தொடுதோல் என்ற அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் கடைக்காரர் நீட்டும் ஷூவும் அண்ணாச்சியின் முன்பாதமும்தான் இப்போது எங்களுக்கு நினைவில் வருகின்றன.

2018இல் ஒரு மாலை, அந்தப் பையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். சொன்னோம். உதிர்ந்த துகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். நீண்ட நேரம் பேசவில்லை. மதினி எழுந்து உள்ளே போய்விட்டார்கள். பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நான் தப்பா கால் வைக்கலையா?" இல்லை என்றோம். "எப்பத் தெரியும் உங்களுக்கு?" அதற்கும் உண்மையைச் சொன்னோம். "ஒரு வருசம்" என்றார். கோபம் இருந்தது. இருக்கவேண்டியதுதான். டீ வரவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பும் மனிதர் அன்று நாற்காலியைவிட்டு எழவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவரே ஃபோன் செய்தார். "எனக்கு ஒரு ஷூ எடுக்கணும். நீங்க வாங்கித் தரவேண்டாம். கூட வந்தாப் போதும்."

மாலையில் போனோம், நாள் முழுக்க நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு பார்ப்பதுதான் சரி. நடைக்குப் போடும் காலுறையையே போட்டு வரச் சொல்லியிருந்தோம். ஏழு ஜோடி போட்டுப் பார்த்தார். கடையிலிருந்த சாய்பலகையில் கீழ்நோக்கி நடந்து, விரல்நுனி முன்பக்கம் இடிக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் நிதானமாகச் சோதித்தார். கைப்பிடி இருந்தது. முதல் மூன்று ஜோடிக்கு அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான்காவதிலிருந்து பிடிக்கவில்லை. கடைசியில் அகன்ற அச்சில் செய்த, அதிக விலையில்லாத, பழுப்புத் தோல் ஜோடி ஒன்றை எடுத்தார். பில்லைப் போட்டதும் பேனா கேட்டு வாங்கி, ஷூவின் நாக்கைத் திருப்பி உட்புறத்தில் அன்றைய தேதியை எழுதினார். மறுநாளே அல்சூருக்குப் போய் ஓரம் முழுக்க மெழுகு நூலில் இன்னொரு தையலும் போட்டுக்கொண்டார்.

அந்தத் தோல் இப்போது நிறமே தெரியாமல் வெளிறிவிட்டது. மலைக்குப் போகாத வாரங்களில் காய்கறிக்கடைக்கு அதைப் போட்டுக்கொண்டு போகிறார், சும்மா கிடக்கக்கூடாது என்று. ஜனவரிதோறும் அதன் பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு எங்களுக்கு ஃபோன் செய்வார். எங்கள் ஜோடிகளையும் அழுத்திப் பார்க்கச் சொல்லி, நாங்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லும்வரை ஃபோனை வைக்கமாட்டார்.